பெட்டகம் குடிலான கதை

ஒரு பொருளின் பயன், அதனை முதலிற் செய்தவன் எண்ணியதோடு முடிந்துவிடுவதன்று. அதனைக் கையாளும் மனிதனின் அறிவினால் அது மேலும் வளர்கின்றது. சரக்கேற்றிக் கடல் கடப்பதற்கெனச் செய்யப்பட்ட இரும்புப் பெட்டகம், மீன் பிடிப்போர் தங்கும் குடிலாக மாறியது இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்க நாட்டில் லாரித் தொழில் நடத்தி வந்த மால்கம் மக்லீன் என்பார், சரக்குகளை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதில் காலமும் பணமும் வீணாவதைக் கண்டார். சரக்கைப் பெட்டியில் அடைத்து, அப்பெட்டியையே கப்பலில் ஏற்றினால் என்ன என்று எண்ணினார். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவர்க் துறைமுகத்தினின்றும் ஹூஸ்டன் நகர் நோக்கிப் புறப்பட்டது. உலக வாணிகத்தின் போக்கு அன்று மாறத் தொடங்கியது. இன்று மக்கள் 'கண்டெய்னர்' என வழங்குவது இத்தகைய பெட்டகத்தையே. கடற்பயணத்தில் உழைத்து முதிர்ந்த பெட்டகங்கள் பின்னர் விலைக்கு வருகின்றன. காட்டிலும் ஏரிக்கரையிலும் குடில் அமைக்க விரும்புவோர் அவற்றை வாங்குகின்றனர்.

ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாநிலத்தில் முதியவர் ஒருவர் இருந்தார். மீன் பிடிப்பதில் பெருவிருப்பம் உடையவர். ஏரிக்கரையில் இருந்த அவருடைய மரக்குடில் நாட்பட்டு உளுத்து விழுந்தது. அவர் 20 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள பழம் பெட்டகம் ஒன்றை வாங்கினார். ஈர மண்ணிற் படாதவாறு, நான்கு மூலைகளிலும் கல் நிறுத்தி, அவற்றின்மேல் அதனை அமர்த்தினார். பெட்டகத்தின் சுமையைப் பெரிதும் தாங்குவன அதன் மூலைத் தூண்களே. மடிப்பு மடிப்பான சுவர்த்தகடுகள் மெல்லியன. ஆயினும் பெட்டகம் கோணாது காப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆதலின், சாளரத்துக்காகத் தகட்டை வெட்டிய இடத்தில் இரும்புச் சட்டம் பொருத்திப் பற்றவைத்தார். பழைய கதவுகள் வெளியிலிருந்தே திறக்கத்தக்கவை. ஆகவே பக்கச் சுவரில் புதிய வாயில் ஒன்றும் அமைத்தார். தரைப்பலகையில் பூச்சிகொல்லி மருந்து ஊட்டப்பட்டிருந்ததை அறிந்து, அதனைப் பெயர்த்தெடுத்துப் புதுப்பலகை பரப்பினார்.

"இனி மழையும் புகாது, காற்றும் புகாது" என்று அவர் பெருமிதம் கொண்டார். அப்பெருமிதமே அவரைச் சோதித்தது.

பனிக்காலம் வந்தது. முதியவர் தம் பேரனுடன் குடிலில் தங்கினார். குளிருக்கு அஞ்சி, இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்து, சிறிய விறகடுப்பை மூட்டினார். அவர்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த இரும்பிற் பட்டு நீராகிக் கூரையினின்றும் சொட்டியது. நள்ளிரவில் சிறுவன் விழித்து, "தாத்தா, தலை வலிக்கிறது" என்று முனகினான். முதியவருக்கும் தலை சுழன்றது, கால்கள் தள்ளாடின. அவர் தட்டுத் தடுமாறி வாயிலைத் திறந்து, பேரனை வெளியே இழுத்து வந்தார். உடலை நடுக்கும் பனிக்காற்றே அன்று அவர்களுக்கு உயிர்க்காற்றாயிற்று.

போதிய காற்றின்றி எரியும் விறகு, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை எழவிடாமலே அது கொன்றுவிடும். சிறுவன் விழித்திராவிடில் அவ்விரவு இருவருக்கும் விடிந்திராது.

இளவேனிலில் முதியவர் மீண்டும் வேலையைத் தொடங்கினார். சுவரின் உட்புறம் முழுதும் குளிரைத் தடுக்கும் நுரைப்பூச்சு இட்டார். மேலும் கீழும் காற்றுவழி திறந்தார். அடுப்புக்கு வெளிக்காற்றைக் கொணரும் குழாயும், நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியும் பொருத்தினார்.

அடுத்த பனிக்காலத்தில் பேரன் வந்தான். தூண்டிலைக் கையில் எடுக்குமுன், "காற்றுவழி திறந்திருக்கிறதா, தாத்தா?" என்று வினவினான். "நீயே வந்து பார், அப்பா" என்று கூறி முதியவர் விலகி நின்றார். சிறுவன் உள்ளங்கையைத் துளையருகே நீட்டினான். குளிர்காற்று அவன் விரல்களைத் தீண்டியது.

சரக்குக்கு அடைப்பே காவல்; மனிதனுக்கோ திறப்பும் காவலாகும். இதனை உணர்ந்த பின்னரே அப்பெட்டகம் குடிலாயிற்று.