பயணம் அறிந்து இயந்திரம் தேர்தல்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் மூவர் பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தனர். மூவரும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். ஊருக்கு வடக்கே ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், சுற்றுலா வருவோரை ஏற்றிச் செல்ல ஒரு படகு வாங்குவது அவர்கள் எண்ணம். பன்னிரண்டு மீட்டர் நீளம். ஒடுங்கிய இரண்டு உடல்களை மேலே ஒரு தளம் இணைக்கும் 'கட்டமரான்' வகை. இருபது பேர் அமரலாம். படகைக் குறித்து அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. இயந்திரத்தைக் குறித்தே வழக்கு. விற்பனையாளர் ஒருவர் நூறு குதிரைத்திறன் கொண்ட இரண்டு அவுட்போர்டு இயந்திரங்களைப் பரிந்துரைத்திருந்தார். வண்ணப் படங்கள் நிறைந்த விளக்கத்தாளை நம் கையில் கொடுத்து, "ஃபாதர், நீங்க சொல்றதை வாங்குறோம்" என்றனர்.

எளிய மக்கள் நம்மீது வைக்கும் நம்பிக்கை மகிழ்ச்சி தருவதே. ஆயினும் அன்று நம் உள்ளத்தில் அச்சமே மேலிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

2001ஆம் ஆண்டில், நாம் முதன்முதலாகப் பங்குப் பொறுப்பேற்றது ஒரு கடலோரச் சிற்றூரில். இறையியல் கற்றிருந்தோம், கடலைக் கற்றிருக்கவில்லை. கற்கவில்லை என்பதையும் உணர்ந்திருக்கவில்லை. அவ்வூரில் வாழ்நாள் முழுவதும் கட்டுமரத்தில் தொழில் செய்த பெரியவர் ஒருவரும் அவருடைய மகன்கள் இருவரும் கடன் பெற்றுக் கண்ணாடியிழைப் படகு ஒன்று வாங்கினர். சிறிய இயந்திரம் போதும், பாயும் துடுப்பும் படகிலேயே இருக்கட்டும் என்பது பெரியவரின் விருப்பம். ஊரிலேயே பெரிய இயந்திரம் வேண்டும் என்பது மகன்களின் ஆசை. தீர்ப்புக்காக நம்மிடம் வந்தார்கள். நாமோ ஒரு நிமிடமும் தயங்காமல், "காலம் மாறிவிட்டது, பெரியதையே வாங்குங்கள். பாயும் துடுப்பும் இனி எதற்கு?" என்று கூறிவிட்டோம். சாமியாரின் சொல்லுக்கு மறுசொல் கூறும் வழக்கம் பெரியவருக்கு இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

சில மாதங்களிலேயே விளைவு தெரிந்தது. கடலில் அவர்கள் செல்லும் தொலைவு பழைய தொலைவே. கிடைக்கும் மீனும் பழைய அளவே. எரிபொருட் செலவு மட்டும் பெருகிற்று. கடனுக்கு வட்டி கட்ட அந்த வீட்டுப் பெண்களின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. பின்னர் ஒரு நாள் நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. பாய் இல்லை, துடுப்பும் இல்லை. மகன்கள் இருவரும் இரவு முழுவதும் நீரோட்டத்தின் போக்கில் மிதந்தார்கள். கரையில் பெரியவரோடும் இரண்டு மருமக்களோடும் நாமும் அமர்ந்திருந்தோம். செபமாலை சொன்ன வாய் நம்முடையதுதான். ஆனால் உள்ளம் முழுவதும் நாம் கொடுத்த தீர்ப்பே நிறைந்திருந்தது. விடிந்த பிறகு, வேறொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. பெரியவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "எஞ்சின் நின்னாலும் படகு கரைக்கு வரணும்லா சாமி, அதுக்குத்தான் துடுப்பு கேட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பவுலடியாரின் உரோமைப் பயணத்தில், கைதியாயிருந்த அவரது எச்சரிக்கையைப் புறக்கணித்துக் கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார் நூற்றுவர் தலைவர், கப்பல் உடைந்தது. இதை எத்தனையோ முறை மறையுரையில் எடுத்துக் கூறியிருக்கிறோம். நம் ஊரில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. கடலறிந்தவரை விட்டுவிட்டு, மறையுரை நிகழ்த்துபவரை நம்பியதால் வந்த இடர் அது.

அதன் பின்னரே இவற்றைக் கற்கத் தலைப்பட்டோம். குமரி மாவட்டத்து முட்டத்தில் மீனவருக்காகப் படகு வடிவமைத்த பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லே, தம் அனுபவங்களை 1985இல் ஒரு நூலாக வெளியிட்டார். 'சிறியது கடினமானது' என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். சிறிய படகுக்கு ஏற்றதைக் கண்டறிவது எளிதன்று என்பதை அந்தத் தலைப்பே நமக்கு உணர்த்திற்று.

'கட்டமரான்' என்னும் சொல் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்ததே. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை அப்பெயராலேயே குறிப்பிட்டுள்ளார். ஆயினும், மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மிதவை வேறு. இரண்டு உடல்கள் கொண்ட இக்காலப் படகு வேறு. பின்னதன் மூதாதை பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணி. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது.

ஒற்றை உடல் கொண்ட அகன்ற படகு நீரை விலக்கிச் செல்கையில் பெரிய அலையை எழுப்புகிறது. வேகம் கூடும்போது தான் எழுப்பிய அலையின் மீதே ஏற முயன்று, ஆற்றலை வீணாக்குகிறது. ஒடுங்கிய உடலோ நீரைக் கத்திபோல் பிளப்பதால் சிறிய அலையையே எழுப்புகிறது. எனவேதான் இரட்டைப் படகுக்குக் குறைந்த ஆற்றல் போதுமானதாகிறது. ஆனால் இந்த நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒடுங்கிய உடல் பாரத்தைப் பொறுக்காது. ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் அகன்ற படகைவிட ஆழமாக அமிழும். தேவைக்கு மீறிய இயந்திரத்தையும் அதற்கான எரிபொருளையும் அதில் ஏற்றுவது, எந்தச் சிறப்புக்காக அப்படகை வாங்கினோமோ அதையே அழிப்பதாகும்.

இன்னொரு கணக்கையும் அறிந்துகொண்டோம். நீரை விலக்கிச் செல்லும் படகின் வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால், ஆற்றல் இரு மடங்கு போதாது. ஏறத்தாழ எட்டு மடங்கு வேண்டும். அவ்வாறாயின் இறுதியாகக் கூட்டும் சிறிதளவு வேகத்துக்கே பெரும் செலவு ஆகிறது. அந்தச் சிறிதளவு வேகம் யாருக்குத் தேவை என்பதே முதற் கேள்வி.

2019இல் தியானம் ஒன்றுக்காகக் கேரளம் சென்றிருந்தபோது, இதற்கு ஒரு விடையைக் கண்ணாரக் கண்டோம். வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற கதிரொளிப் படகு 2017 சனவரியில் பணியைத் தொடங்கியிருந்தது. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்காகக் கட்டப்பட்ட இதுவும் கட்டமரான் வகையே. நீளம் 20 மீட்டர். பயணிகள் 75 பேர். ஒவ்வோர் உடலிலும் ஒன்றாக, 20 கிலோவாட் மின்விசைப் பொறிகள் இரண்டு. கூரையில் கதிரொளித் தகடுகள், உள்ளே மின்கலங்கள். அருகிலிருந்த ஆசிரியை தம் மாணவியோடு தாழ்ந்த குரலில் பேசியதும் நம் செவியில் விழுந்தது. டீசல் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. இரண்டரைக் கிலோமீட்டர் நீரைக் கடக்கக் கால் மணி நேரம். அந்தப் பயணத்துக்கு அதற்கு மேல் வேகம் எதற்கு? அதை முதலில் கேட்டுக்கொண்டவர்களே அப்படகை வடிவமைத்திருக்கிறார்கள்.

பெரிய இயந்திரம் எப்போதும் தவறு என்று கூற வரவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிசின் பெயர் தாங்கிய 'பிரான்சிஸ்கோ' என்ற கட்டமரான் கப்பலை, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இன்கேட் நிறுவனம் 2013இல் கட்டி முடித்தது. 99 மீட்டர் நீளம். அதிலும் பொறிகள் இரண்டே. ஆனால் ஒவ்வொன்றும் 22,000 கிலோவாட் ஆற்றலுள்ள எரிவாயுச் சுழலி. நீரை உறிஞ்சிப் பின்னே பீச்சும் தாரைகளால் 58 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 107 கிலோமீட்டர் வேகத்தை அது எட்டியது. வைக்கத்துப் படகின் ஆற்றலைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்! ஆயினும் அதன் பயணம் போனஸ் ஐரிஸ் நகருக்கும் மோன்டெவிடேயோவுக்கும் இடையே, ஏறத்தாழ 200 கிலோமீட்டர், போட்டியோ வானூர்தியோடு. அங்கே வேகமே அதன் வாழ்வு. அதே உரிமையாளர், அதே ஆற்றில் கொலோனியா துறைக்குச் செல்லும் குறுகிய பயணத்துக்கெனக் கட்டச் செய்த 'சைனா சோரில்யா' கப்பலை 2025 மே மாதம் இன்கேட் நீரில் இறக்கியது. அது முழுவதும் மின்கலங்களால் இயங்குவது. மின்கலங்களின் எடை மட்டும் ஏறத்தாழ 250 டன். நீளும் பயணத்துக்கு ஒன்று, குறுகிய பயணத்துக்கு மற்றொன்று.

இத்தனையும் அந்த இளைஞர்களிடம் அன்றே சொல்லிவிடவில்லை. "தீர்ப்பு சொல்ல மாட்டோம், தம்பிகளே, கேள்விகள் சில தருகிறோம், விடையோடு வாருங்கள்" என்றோம். ஒரு நாளில் எத்தனை தூரம், எத்தனை முறை? வேகம் வேண்டுமா, அமைதி வேண்டுமா? வற்றும் நேரத்தில் கழிமுகத்தின் ஆழம் என்ன? பழுதானால் நம்மூரில் யார் திருத்துவார்? ஒரு பொறி நின்றால் மற்றொன்று கரை சேர்க்குமா?

இரண்டு வாரங்களுக்குப் பின் வந்தார்கள். மூங்கிற் கழியால் கழிமுகம் முழுவதையும் அளந்திருந்தார்கள். படகு கட்டுபவரோடும் அமர்ந்து கணக்கிட்டிருந்தார்கள். மணற்திட்டுகள் உள்ள இடம் ஆதலால், அடியில் நிலையாகத் துருத்தி நிற்கும் தண்டும் விசிறியும் கொண்ட உள்பொருத்து டீசல் இயந்திரம் வேண்டாம் என்று முடிவு செய்தனர். அது எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும், நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மையே. ஆனால் எடை மிகுதி; ஒடுங்கிய உடலுக்குள் இறங்கித் திருத்துவதும் கடினம். ஆழமற்ற நீருக்கு நீர்த்தாரை ஏற்றதே; எனினும் மெதுவாகச் செல்லும் படகில் அது ஆற்றலை வீணாக்கும். மின்விசைக்கு முதலீடு அவர்கள் கைக்கு இப்போது எட்டவில்லை. எனவே தூக்கி மடக்கக்கூடிய அவுட்போர்டுகளே. ஆனால் நூறு குதிரைத்திறன் அன்று, இருபது. உடலுக்கு ஒன்றாக இரண்டு.

பெரிய விட்டமும் குறைந்த புரியளவும் உடைய விசிறிகளையே கேட்டிருந்தனர். மெதுவாகச் சுழன்று நிறைய நீரைத் தள்ளும் அவ்விசிறியே பாரம் சுமக்கும் படகுக்கு ஏற்றது. புரியளவு மிகுந்தால், உரிய சுழற்சியை எட்ட இயலாமல் இயந்திரம் திணறித் தேய்ந்துபோகும். இரண்டு பொறிகளும் விலகி இருப்பதால், ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் இயக்கிப் படகை நின்ற இடத்திலேயே திருப்பலாம். அவர்களுள் இளையவர் இன்னும் ஒன்றைக் கவனித்திருந்தார். "இரண்டு எஞ்சினுக்கும் ஒரே டாங்க்னா, டீசலோ பெட்ரோலோ, தண்ணி கலந்தா ரெண்டும் ஒண்ணா நின்னுடும் ஃபாதர். தனித்தனி டாங்க், தனித்தனி வடிகட்டி போடச் சொல்லியாச்சு" என்றார். இரண்டு இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது; ஒன்றன் வீழ்ச்சி மற்றொன்றை வீழ்த்தாதிருப்பதே பாதுகாப்பு. இதை நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை, அவரிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

பிறருக்கு அறிவுரை கூறும் பொறுப்பில் உள்ள நம் எல்லாருக்கும், பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் குருக்களுக்கும், இதில் ஒரு பாடம் இருப்பதாகவே கருதுகிறோம். நாம் வியப்பதைப் பிறர்மேல் ஏற்றிவிடுவது எளிது. அதன் வட்டியைக் கட்டுபவர்கள் அவர்கள். அவர்கள் எங்கே செல்கிறார்கள், எவ்வளவு சுமக்கிறார்கள் என்று கேட்டறியப் பொறுமை வேண்டும்.

அடுத்த மாதம் படகை அர்ச்சிக்க வருமாறு அழைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சியோடு இசைந்தோம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டோம்: நாம் வரும் நாளில் இரண்டு துடுப்புகளும் படகில் இருக்க வேண்டும். 2001இல் நம்மிடம் வந்த அந்தப் பெரியவர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அந்தத் துடுப்புகளின் மீதும் நாம் தீர்த்தம் தெளிப்போம்.