ஆரியசாலைக் குழாய்கள்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கும் சாலைத் தெருவில் இறங்கிக் கிழக்கு முகமாக நடந்தால், மளிகை, துணி, பாத்திரம், பூ, பழம் என்று ஒவ்வொரு வாசனையாகக் கடந்து ஆரியசாலைக்கு வந்து சேரலாம். தூரம் அதிகமில்லை. ஆனால் தலைச்சுமையோடு விரைகிற தொழிலாளிக்கும், குறுக்கே நுழைகிற மூன்று சக்கர வண்டிக்கும் வழிவிட்டு நடப்பவருக்கு அது ஒரு நெடும் பிரயாணமாகவே தோன்றும். அப்பால் கிள்ளிப்பாலம், அதையும் கடந்தால் கரமனை, அந்தப் பாதை அப்படியே நாகர்கோவிலுக்குப் போகிறது. நம்மவரின் முன்னோர் பலர் இவ்வூருக்கு வந்த வழியும் அதுவேதான்.

இந்தக் கடைத்தெருவை அமைத்தவர், கார்த்திகைத் திருநாள் ராமவர்ம மகாராஜாவின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் என்பது சரித்திரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவர் இட்ட வித்து இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த வணிகக் குடும்பங்கள் இங்கே கடை வைத்தன. கடைக்குப் பின்னும் கடைக்கு மேலும் வீடு கட்டின. இந்தத் தெருவிலேயே பாத்திரக் கடை நடத்திக்கொண்டு கதைகள் எழுதியவர்தாம் 2021-இல் மறைந்த ஆ. மாதவன். ஆற்று மணல் அள்ளிப் பிழைக்கும் மக்களைப் பற்றிய அவருடைய ‘புனலும் மணலும்’ 1974-இல் வெளிவந்தது. நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவார்கள். குமாரசுவாமி தங்கும் இடம் ஆரியசாலை தேவி கோயில். 1956 நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த வருகை நிற்கவில்லை.

இவ்வளவு பெருமை பேசியது தெருவின் வரலாற்றை எழுதுவதற்காக அன்று. இந்தத் தெருக்களின் பின்னால் உள்ள சந்துகளில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளின் உள்ளே ஓடும் அரை அங்குலக் குழாயைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது 1933-இல். கரமனை ஆற்று நீரை அருவிக்கரையில் தேக்கி, அங்கிருந்து நகரத்துக்குக் கொணர்ந்தார்கள். அப்போதைய வைசிராயின் பெயரால் அது வில்லிங்டன் நீர்நிலையம் என்று வழங்கியது. அதற்கு முன் கிணறும் குளமுமே கதி. பின்னர் ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணை 1983-இல் எழுந்தது; அடுத்த ஆண்டு கேரள நீர் அதிகார அமைப்பு தோன்றியது. ஆகவே ஆரியசாலைச் சந்து ஒன்றில் ஒரு குடத்தை நிரப்புகிற நீர், மலைக்காட்டில் பெய்து, அணையில் தங்கி, அருவிக்கரையில் இறங்கி, வடிகட்டப்பெற்று, பல காதம் குழாயில் நடந்து வந்த நீராகும். அதைக் கடைசி இருபது அடியில் நாம் சுவருக்குள் சிந்தவிடுகிறோம் என்றால் வேதனையன்றோ?

வீட்டில் ஆள் இருக்கும் காலத்தில் கசிவு ஒருவாறு கண்ணில் பட்டுவிடும். ஆள் இல்லாத காலந்தான் ஆபத்து. முன்பு கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குப் போவோம், அவ்வளவுதான். இன்றோ பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். பெற்றோர் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. வீடு பூட்டிக் கிடக்கிறது. குழாயில் மட்டும் அழுத்தம் குறையாமல் நிற்கிறது. பத்து மீட்டர் உயரத்து நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அழுத்தும். இரவில் ஊரார் தண்ணீர் எடுப்பது குறைந்ததும் தெருக்குழாயின் அழுத்தம் இன்னும் ஏறும். ஆகையால் பகலில் துளியாக விழுவது நள்ளிரவில் நூலாக ஓடும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி நேர்ந்தது. எட்டு மாதம் கழித்து முதியவளான தாயாரை அழைத்து வந்து கதவைத் திறந்தபோது அவர்கள் வீட்டுச் சுவரில் பெரிய ஈரமில்லை. அடுத்த வீட்டுப் பூசை அறைச் சுவர்தான் ஊறிப் பெயர்ந்திருந்தது. இரு வீட்டுக்கும் ஒரே சுவர். ஐம்பது ஆண்டுகளாகச் சம்பந்தி வீடு போலப் பழகியவர்கள் மூன்று மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ‘உங்கள் குழாய்’ என்பார் ஒருவர், ‘உங்கள் மாடி மழைநீர்’ என்பார் மற்றொருவர். அந்தத் தாயாரோ இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள படியில் உட்கார்ந்து, யாரோடு பேசுவது என்று தெரியாமல் தவித்தார். எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்திருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். வழி இருக்கிறது.

வடசேரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நெடுங்காலமாகக் குழாய் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன்.

“அண்ணாச்சி, தண்ணி கள்ளனைப் போல. நொழஞ்ச எடத்துல நிக்காது. நாலு மொழம் தள்ளித்தான் தலையக் காட்டும். ஈரத்தப் பாத்துச் செவுத்த ஒடைச்சா ஒடைச்சுக்கிட்டே இருக்கணும். மொதல்ல மீட்டரப் பாக்கணும்,” என்றார்.

அவர் சொன்ன முறை மிக எளிது. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர்மானியின் முகத்தில் உள்ள சிறிய சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். தெருக்குழாயில் நீர் வருகிற நேரத்தில், ஒருவரும் எடுக்காமலே அது சுழன்றால் கசிவு உண்டு. ஆனால் இந்த வீடுகளில் தெருநீர் நேரே அடுக்களைக்குப் போவதில்லை. மாடித் தொட்டியில் ஏறி அங்கிருந்து இறங்குகிறது. எனவே நீர்மானி பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக் கதை தொட்டியில் இருக்கிறது. இரவில் தொட்டிக்கு வரும் வால்வையும் தொட்டியிலிருந்து இறங்கும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தில் கரிக்கோடு இட்டு, விடியற்காலையில் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் தொட்டியிலேயே கோளாறு. குறையாவிட்டால் மறுநாள் இரவு கீழ்வால்வை மட்டும் திறந்துவைத்து அதே சோதனை. இப்போது குறைந்தால் கோளாறு வீட்டுக்குள். ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிற்று என்று கணக்கு. மணிக்கு ஒரு லிட்டர் வீணானால் முப்பது நாளில் 720 லிட்டர். எட்டு மாதத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் என்று தெரிந்த பின்னும் சுத்தியலை எடுக்கக் கூடாது. குளியலறைக் கிளை, அடுக்களைக் கிளை, புழக்கடைக் கிளை என ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து எதில் நிற்கிறது என்று அறிய வேண்டும். கழிப்பறை நீர்ப்பெட்டியை மறவாதீர்கள். அதில் சிறிது துணிநீலம் கலந்துவிட்டு அரை மணி கழித்துப் பீங்கானைப் பாருங்கள். யாரும் தொடாமலே நீலம் வழிந்திருந்தால் அடைப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். நள்ளிரவில் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்துக் கேட்பதும் பெரியவருடைய வழக்கம். கசியும் இடத்தை நெருங்க நெருங்கச் ‘சுர்’ என்ற ஓசை வளரும். இதற்குத் தெரு அமைதியாக இருக்க வேண்டும். சாலைத் தெருவில் அந்த அமைதி எந்த நேரத்தில் கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்!

மழைநீரா, குழாய்நீரா என்ற வழக்கு இவ்வூருக்கே உரியது. இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறி அடிக்கிற ஊரில் எந்தச் சுவர்தான் உலர்ந்திருக்கும்? ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதிவைப்பதே நல்ல சாட்சி. மகரம், கும்ப மாதங்களில் மழை ஓய்ந்திருக்கும்போது ஈரம் கோட்டுக்கு உள்ளே சுருங்கினால் குற்றவாளி மழை. கோட்டைத் தாண்டிப் பரவினால் குழாய். மேலே சொன்ன இரு குடும்பங்களும் கடைசியில் இந்தப் பென்சில் கோட்டினால்தான் ஒரு முடிவுக்கு வந்தன. குழாய்தான். சுவருக்குள் புதைந்த பழைய துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், மரை வெட்டிய இடத்தில் துருவேறி ஊசிமுனைத் துளை. மரை வெட்டும்போது இரும்பின் கனம் குறைந்துவிடுவதால் துரு முதலில் தின்னுவது அந்த இடத்தைத்தான். புதிய பிளாஸ்டிக் குழாயில் துரு இல்லை. ஆனால் பித்தளைக் குழாயை அதில் முறுக்கும்போது பலத்தைக் காட்டினால் உள்ளே மயிரிழை விரிசல் விழும். ஒட்டுப்பசை இறுகும் முன்பே தண்ணீரைத் திறந்துவிடுகிற அவசரக்காரர்களும் உண்டு. நாட்காட்டி மாட்ட அடித்த ஆணி குழாயைத் துளைத்துவிட்டு, தன்னையே அடைப்பாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்து, துருப்பிடித்து உதிர்ந்த அன்று கண்ணீர் விடுவதும் உண்டாம்.

நீர் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. நீர் நின்றுபோன நேரத்தில் குழாயினுள் அழுத்தம் இல்லாமற்போகிறது. அப்போது அதே துளை வழியாக வெளியிலுள்ள நீர் உள்ளே புகும். சாக்கடைக்குப் பக்கத்தில் குழாய் ஓடும் சந்துகளில் அந்த வெளிநீர் எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ‘கடைப் பலகாரம்’ என்று பழி சுமத்தும் முன், குழாயையும் ஒருமுறை ஐயுறுவது நல்லது.

கடல் கடந்த நம் பிள்ளைகளுக்கும் இந்த வித்தை வேறோர் உருவில் தேவைப்படுகிறது. கனடா போன்ற நாடுகளில், காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளைச் சில குடும்பத்தினர் வைத்திருக்கிறார்கள். அடுப்பும் குளியலறையும் நீர்த்தொட்டியும் அதிலேயே உண்டு. கோடையில் ஏரிக்கரையில் தங்கிவிட்டுக் குளிர்காலத்தில் வண்டியை அடைத்து வைப்பார்கள். நீர் உறைந்து பனிக்கட்டியானால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்துவிடும். மூடிய குழாயில் அந்தப் பருமனுக்கு இடமேது? வெடிக்கும். ஆதலால் தொட்டியையும், ஆறிய பிறகு வெந்நீர்க் கலத்தையும் வடித்துவிட்டு, வெந்நீர்க் கலத்தை ஒதுக்குவால்வினால் விலக்கி, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் செலுத்துவார்கள். ஒவ்வொரு குழாயையும் தண்ணீர்ப் பக்கம், வெந்நீர்ப் பக்கம் இரண்டிலும் சிவப்பு வரும்வரை திறக்க வேண்டும். வண்டியின் வெளிப்புறத்துக் குழாயைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். அத்திரவம் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த, குடிநீர்க் குழாய்க்கு என்றே விற்பதாக இருக்க வேண்டும். மோட்டார் எஞ்சினுக்கு ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

அங்கும் கசிவைக் காட்டுவதற்கு ஒரு நீர்மானி உண்டு; அது வண்டியின் பம்பு. அழுத்தம் குறைந்தால் அது தானே ஓடும். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை ‘டக்’ என்று பம்பு விழித்தெழுந்தால் எங்கோ அழுத்தம் குறைகிறது. வெளியே ஈரமே இல்லையென்றால் பம்பின் உள்வால்வு நீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் பம்பின் வாயிலுள்ள வடிகட்டிக் கிண்ணம், ஒதுக்குவால்வு, அடிவடிகால் மூடி, கழிப்பறை வால்வு இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிவப்புத் திரவம் இங்கே நம் துணிநீலத்தின் வேலையைச் செய்கிறது: ஒரு காகிதத் துண்டால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். காற்றடித்து நீரை வெளியேற்றுவோர் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். காற்றழுத்தத்தை மட்டும் வண்டியைச் செய்தவர்கள் குறித்த அளவுக்கு மேல் ஏற்றலாகாது.

நம் ஆரியசாலை வீட்டுக்குப் பனியின் பயமில்லை. எனினும் நெடுநாள் பூட்டிப் போகும்போது செய்ய வேண்டியவை அதைப் போன்றனவே. நீர்மானிக்கு அடுத்த வால்வை மூடி, கீழ்த்தளக் குழாய் ஒன்றைத் திறந்து உள்ளிருக்கும் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். பழைய பித்தளை வால்வுகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் முழுதும் மூடா. ஆண்டுக்கு இருமுறையேனும் திருகிப் பழக்கிவைப்பது அவசியம். மாடித் தொட்டியை வடித்துக் காயவிட்டு மூட வேண்டும். இல்லாவிடில் கொசு குடியேறிவிடும். தரைச் சாக்கடைகளின் வளைகுழாயில் நிற்கும் நீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் மேலேறி வரும். அதைத் தடுக்கப் பெரியவர் சொன்ன உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொரு சாக்கடையிலும் ஒரு செம்பு தண்ணீரும், அதன்மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விடுவது. எண்ணெய் ஆடை போல மூடிக்கொள்வதால் நீர் எளிதில் ஆவியாகாது.

வீட்டுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், தெருவால்வு இருக்கும் இடத்தையும் அது எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதையும் நேரில் காட்டிவிட்டுப் போகவேண்டும். மேற்படி இரு வீட்டாரும் இப்போது அந்த வால்வின் மேல் சுவரில் சிவப்பு வண்ணத்தில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். தாயார் இந்த ஆண்டும் மகனிடம் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் ஞாயிறுதோறும் போய் நீர்மானியின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்.