தேங்காய்த்திட்டில் ஒரு வாரம்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைப் பார்ப்பார்கள், மணக்குள விநாயகரைக் கும்பிடுவார்கள், சம்பா கோவிலையும் எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். நகரத்தை ஒட்டித் தெற்கே தேங்காய்த்திட்டு என்று ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. அரியாங்குப்பம் ஆறு கடலோடு சேருகிற இடம் அது. ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் அலையாத்திச் செடிகள். சேற்றுக்குள் காற்று கிடைக்காது என்பதால் அவற்றின் வேர்கள் பென்சில் நட்டு வைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம்!

என் கணவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். மரப்பாலம் பக்கம் குடியிருக்கிறோம். நாங்கள் இருவரும் 'மரியாயின் சேனை'யில் உறுப்பினர்கள். 1921-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் என்பவர் தொடங்கிய சபை. துறவிகள் இல்லை, நம்மைப்போலக் குடும்பஸ்தர்கள்தான். வாரம் ஒருமுறை கூட்டம். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது இரண்டிரண்டு பேராக வீடு சந்திக்க வேண்டும். நோயாளிகள், முதியவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் என்று யாராக இருந்தாலும் சரி.

இதில் ஒரு சட்டம் உண்டு. போகிற வீட்டில் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது! "கையை வீசிக்கிட்டுப் போய் என்னத்தைச் செய்யப் போறோம்?" என்று இவர் முணுமுணுப்பார். எனக்கும் உள்ளூர அந்தக் கேள்வி இருந்தது. போன மே மாதத்தில் ஒரு வாரம் அதற்குப் பதில் கிடைத்தது.

திங்கட்கிழமை துறைமுகப் பக்கம் போனோம். மீன்கள் முட்டையிடும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப் படகுகளுக்குத் தடை. படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தது. ஆண்கள் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் தடைக்கால நிவாரணம் தருகிறது. ஆனாலும் இரண்டு மாதம் என்பது இரண்டு மாதம்தானே!

செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டியம்மா வீடு. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா'வாக இருந்தவர். விதவைப் பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் பிரான்சில். பணத்துக்குக் குறைவில்லை, பேச ஆள் இல்லை. ஒன்றரை மணி நேரம் அவர் பேசினார், நாங்கள் "உம்" கொட்டினோம். கிளம்பும்போது, "நாளைக்கும் வருவியாம்மா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

புதன்கிழமை, எங்கள் கோவிலுக்கு வரும் ஒரு பெண் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும், முதல் பிரசவம், பன்னிரண்டு நாள் குழந்தை. வீறிட்டு அழுகிறது. மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"நாங்க மாரியாத்தா கும்பிடறவங்க. மதம் மாத்தறதுன்னா வேற வீடு பாருங்க."

"நாங்க குழந்தையைப் பார்க்கத்தான் வந்தோம். எனக்கும் மூணு பேரன் பேத்தி இருக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாயை விரித்தார்.

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. "பால் பத்தலைம்மா. வெயிலுக்குத் தொண்டை காயுதேன்னு சக்கரைத் தண்ணி குடுக்கறோம். டின் பால் வாங்கணும். அவருக்கு வேலை இல்லை. ஒரு ஐந்நூறு ரூபா இருந்தா..."

இவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் எங்களுக்கே எங்களைப் பிடிக்கவில்லை. குழந்தை அழும்போது சட்டம் என்ன சட்டம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

பணம் தர முடியாதவள் வேறென்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் வெளியே திண்ணைக்குப் போய்விட்டார். "எங்கே, பால் குடு பார்க்கலாம்" என்றேன். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டு இழுத்தது. அவளுக்கு வலி, அதற்குப் பால் வரவில்லை. தலையணையில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். குழந்தையை வயிறோடு வயிறாக அணைத்து, அது வாயை அகலத் திறந்ததும், காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் பெரும்பாலும் வாய்க்குள் போகும்படி வைத்தோம். முகவாய் மார்பைத் தொட வேண்டும். நாலைந்து தடவை தவறி, அப்புறம் 'களுக் களுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. மாமியார் குனிந்து பார்த்தார். "அட, குடிக்குதே!"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பால் உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். கோடையிலும் தண்ணீர் வேண்டாம், பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் குழந்தையின் வயிற்றை நிரப்பிவிட்டால் பால் குடிப்பது குறையும், பால் சுரப்பதும் குறையும். ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைந்தால் பால் போதுகிறது என்று பெரும்பாலும் தைரியமாக இருக்கலாம். ஆனாலும் நான் டாக்டர் இல்லையே!

வியாழக்கிழமை காலை நான்கு பேருமாக எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். நர்ஸ் எடை போட்டார். பிறந்தபோது இருந்த எடைக்கு வந்துவிட்டது. "டின் பால் எதுக்கு? நல்லாத்தானே இருக்கு குழந்தை!" என்றார். அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது இவர் மெதுவாகச் சொன்னார்: "நேத்து அந்த ஐந்நூறைக் குடுத்திருந்தா டின் வாங்கியிருப்பாங்க. நாமும் புண்ணியம் பண்ணிட்டோம்னு வீட்டுக்கு வந்திருப்போம்."

வீட்டில் அரிசிக்குக் கஷ்டம் என்பதும் உண்மைதான். அதை விட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை, எங்கள் பங்கில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் சொன்னோம். உதவிப் பொருள் கொடுப்பது அவர்கள் பணி. யார் கொடுத்தது என்று தெரியாமலே அரிசி போய்ச் சேர்ந்தது. அதனால் அந்த வீட்டில் எங்களைக் கண்டு யாரும் கூச வேண்டியதில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில், "மூன்று வீடு சந்தித்தோம், ஒரு முறை மருத்துவமனை சென்றோம்" என்று இவர் அறிக்கை வாசித்தார். இரண்டே வரி! எனக்கு முழங்கால் வலி வேறு. வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் தலைப்பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி இருப்பாள். பார்க்கப் போகும்போது பழமும் பிஸ்கட்டும் கொண்டு போங்கள், உங்களுக்குத்தான் சட்டம் கிடையாதே! ஆனால் கொடுத்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த வீட்டுப் பக்கம் போனோம். மாமியார் வாசலில் மறிக்கவில்லை. டீத் தம்ளரை நீட்டிக்கொண்டே, "இன்னிக்கு எட்டுத் துணி நனைச்சிட்டான்!" என்றார்.