பிரட்டுக்களத்துக் கம்பு

விடியற்காலையில் தொழிலாளர் கூடிநின்று பெயர் கொடுத்து, எந்த மலைக்குப் போவது என்று கேட்டுப் பிரியும் இடத்தை மலைநாட்டில் பிரட்டுக்களம் என்பார்கள். ஹட்டனுக்கு அப்பால், டிக்கோயாப் பக்கத்தில் நாம் படிப்பிக்கும் தோட்டத்திலும் அப்படியொரு களம் உண்டு. காலையில் கங்காணியின் குரலுக்கு உரிய அக்களம், மாலையில் எங்கள் வாத்தியாரின் கம்புக்கு உரியதாகிவிடும்.

வாத்தியார் என்றதும் பாடசாலை ஆசிரியரை எண்ணிவிடக்கூடாது. எழுத்தறிவிக்கும் நம்மை இங்கே ‘மாஸ்டர்’ என்பார்கள்; சிலம்பம் சொல்லித்தருபவரே வாத்தியார். கவ்வாத்துக் கத்தி பிடித்தே முதுமை எய்திய மனிதர் அவர். நாற்பது வயதில் நாம் போய் நின்றபோது, நமது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “சோக்கட்டி புடிச்ச கை மாஸ்டர். ரெண்டு வாரம் கொப்புளம் போடும்” என்றார். மூன்று வாரம் போட்டது.

1917இல் இம்மலைநாட்டில் பிறந்த எம்.ஜி.ஆர். திரையிலே சுழற்றிய கம்பை மனத்தில் வைத்துக்கொண்டு போனவர் நாம். முதல் இரண்டு மாதங்களும் நமக்குக் கம்பே கிடைக்கவில்லை. சலாம் வரிசை, காலடி, மறுபடியும் காலடி. கை சுழல்வதில் என்ன இருக்கிறது, கால் நிற்கும் இடத்திலிருந்துதான் அடி பிறக்கிறது என்பது அவருடைய பாடம். கொழுந்துக் கூடையோடு சரிவுகளில் ஏறியிறங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு அது வெகு எளிதில் வந்தது. நமக்கோ, கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையே நடந்த கால்கள்!

பிறகு எதிராளியோடு ஆடும் பயிற்சி. கம்பின் நுனியில் துணி சுற்றி, பாடசாலையிலிருந்து நாம் கொண்டுபோகும் சோக்குத் தூளில் தோய்த்துக்கொள்வோம். உடம்பில் விழும் வெள்ளைப் புள்ளிகளே கணக்கு. நமக்கு எதிராக வாத்தியார் நிறுத்தியது, நம்மிடமே படித்துவிட்டு இப்போது கொழுந்து பறிக்கப் போகும் ஒரு பெண்ணை. முதல் நாளே ஐந்து புள்ளிகள், ஒன்று நடுநெஞ்சில். “மன்னிச்சிருங்க மாஸ்டர்” என்று அவள் சொன்னதுதான் அடியைவிட வலித்தது.

வாத்தியாரிடம் அத்தாட்சிப் பத்திரம் எதுவும் இல்லை. அவருடைய குருநாதர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த இலட்சக்கணக்கானோருள் ஒருவர். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பங்கீட்டில் குருநாதரின் குடும்பம் ‘அந்தக் கரை’யில் விழுந்தது. ஹட்டனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார். கடைசி வரிசை சொல்லித்தரப்படாமலே நின்றுபோயிற்று. இன்றும் வாத்தியார் ஆடிக்காட்டும்போது ஓரிடத்தில் சட்டென்று கம்பைத் தரையில் ஊன்றிவிடுவார். “இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஆடமாட்டேன்.”

தோட்டக் கூலிகளின் கையில் உயிர்பிழைத்த கம்பு இது ஒன்றுதானா? பிலிப்பைன்ஸ் மக்கள் 1906 முதல் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பின்னர் கலிபோர்னியாவின் வயல்களிலும் முதுகு வளைத்தார்கள். பிரம்புத் தடியால் ஆடும் அவர்களுடைய எஸ்கிரிமாவும் உடன் போயிற்று. ஸ்டொக்டன் நகரில் ஏஞ்சல் கபாலெஸ் என்பவர் யாவரும் வந்து கற்கும் பயிற்சிக்கூடமொன்றை 1966இல் திறந்தார். அவரும் வயற்கூலியாக உழைத்தவரே. அதற்கு முந்திய ஆண்டில் டெலானோவின் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்களும் பிலிப்பைன்ஸ் தொழிலாளரே. 2009இல் அந்நாட்டரசு, ஆர்னிஸ் என்னும் பெயரால் அக்கலையைத் தேசிய விளையாட்டென்று சட்டமியற்றியது. கூலிக்காரன் கலைக்கு அரசு முத்திரை கிடைக்க எத்தனை காலம் செல்கிறது, பாருங்கள்.

இப்போது சிலம்பத்திற்கும் கராத்தேயைப் போல் நிறநிறமாய்ப் பட்டிகள் வந்துவிட்டன. சென்ற ஆண்டு, பட்டணத்து மண்டபமொன்றில் தராதரத் தேர்வு நடந்தது. கட்டணம் இரண்டு நாட் பேருக்குச் சமம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை 2021இல் காண்பதற்கே ஆண்டுக்கணக்கில் போராடிய மக்களுக்கு இரண்டு நாட் பேர் என்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண் அன்று கைக்காசுக் கொழுந்துக்குப் போய்விட்டாள். நாம் பஸ்ஸேறிப் போனோம், ஆடினோம், தேறினோம். பரீட்சகர் கைகுலுக்கிப் பாராட்டினார். அவளுக்கும் சேர்த்து நாமே பணம் கட்டியிருக்கலாம். மனமில்லாமல் கட்டாமலிருந்தோம் என்றாலாவது ஒரு நியாயம் உண்டு. அந்த எண்ணமே நமக்கு வரவில்லை. திரும்பும் வழியில், பட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்தது.

மறுநாள் மாலை சலாம் வரிசைக்கு நின்றோம். தராதரத்தில் உயர்ந்தவர் முன்னே நிற்பது முறை. அவள் மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம் காயவில்லை. வாத்தியார் நமது இடுப்புப் பட்டியைப் பார்த்தார்.

“எங்க நிக்கப்போறீங்க, மாஸ்டர்?”

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நாம் அவளுக்குப் பின்னால் போய் நின்றோம். அவள் திரும்பிப் பார்த்து, “பரவாயில்ல மாஸ்டர், முன்னுக்கு வாங்க” என்றாள். போகவில்லை. சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சோக்குத் தூள் கரைந்து ஓடியதால் அன்று புள்ளிகளை எண்ண முடியவில்லை.

அடுத்த தேர்வுக்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள். கட்டணத்தை நாம் கட்டுகிறோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.