பட்டியலில் கடைசி வரி

கடலுக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பெங்களூரிலிருந்து கிழக்கே சென்னைக்குப் போனாலும் மேற்கே மங்களூருக்குப் போனாலும் சுமார் 350 கிலோமீட்டர். பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான தண்ணீர் என்றால் அல்சூர் ஏரிதான். ஆனாலும் ஆண்டுதோறும் ஆனி பிறந்ததும், டேவிஸ் ரோட்டை ஒட்டிய என் வீட்டின் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு மீன்பிடி வள்ளம் வந்து சேர்கிறது, பட்டியல் வடிவில்.

வள்ளம் என் அண்ணனுடையது. கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே எங்கள் ஊர். துறைமுகம் இல்லாத திறந்த கரை. மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. நாட்டு வள்ளங்களுக்குத் தடை இல்லை. ஆனால் எங்கள் கரையில் வள்ளத்தைத் தடுக்க அரசாணை தேவையில்லை, ஆனி ஆடியின் அலையே போதும். கடல் விட்ட நாளில் போவார்கள். விடாத நாளில் வள்ளத்தை மணல்மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துப்போட்டு வேலை பார்ப்பார்கள். ஆவணியில் கணவாய் வரும். அதற்குள் எல்லாம் தயாராகிவிட வேண்டும்.

நான் 32 ஆண்டுகள் இந்த ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள். ஆகவே வள்ளத்தின் சீசன் செலவில் ஒரு பங்கு என் தலையில் விழுவது எழுதப்படாத சட்டம். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. மீன் விற்ற காசில் என்னைப் படிக்கவைத்தவள் அம்மா. பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே விற்றவள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

போனில் மருமகன் வாசிக்க, நான் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொள்வேன். முதலில் வள்ளத்தின் உடம்பு. ஃபைபர் வள்ளம் மரத்தைப்போல் உளுத்துப்போகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் தினம் மணலில் இழுத்து ஏற்றி இறக்கினால் அடிப்பாகம் தேயும். தேய்ந்த இடத்தைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலரவிட்டு, கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து ரெசின் பூச வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய ரெசின் ஒட்டாது, அடுத்த மாதமே பொருக்காக உரிந்து வரும். ஆடிச் சாரலில் இரண்டு நாள் தொடர்ந்த வெயிலுக்குக் காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் மூடிய அறைகளுக்குள் மிதப்புக்காக நுரைப் பொருள் வைத்திருப்பார்கள். விரிசல் வழியே நீர் புகுந்து அது ஊறிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. வள்ளம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகும். தள்ள நாலு பேர் போதாமல் ஐந்தாவது ஆளைக் கூப்பிடும்போதுதான் விஷயம் தெரியும்.

அடுத்தது எஞ்சின். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின். மண்ணெண்ணெய்க் கரி பிளக்கில் படியும், ஆகவே உபரியாக இரண்டு பிளக். குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர்ச் சக்கரம், கியர் ஆயில், விசிறி எதிலாவது மோதினால் தானே ஒடிந்து எஞ்சினைக் காப்பாற்றும் சின்ன பின். விலை அற்பம்தான், ஆனால் நடுக்கடலில் அது கையில் இல்லாவிட்டால் மற்ற எதற்கும் விலை இல்லை. பிறகு வலை: கிழிந்த கண்ணிகளுக்கு நூல், மிதப்பு, ஈயம், கயிறு. கணவாய்க்குத் தூண்டில், தங்கூசி. நங்கூரக் கயிறு. டார்ச்.

இந்தப் பட்டியலை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். 1980களில் முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் பட்டறையில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்ற படகு வடிவமைப்பாளர் ப்ளைவுட் வள்ளத்தை உருவாக்கியபோது பட்டியலில் ப்ளைவுட்டும் ஆணியும் சேர்ந்தன. வெளி எஞ்சின் வந்தபோது பிளக் சேர்ந்தது. 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் பெருகியபோது ரெசின் சேர்ந்தது. அதன்பிறகு, பாரைக் கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். எங்கள் அப்பா தேவாலயக் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து அதே பாரின்மேல் நிற்பார், அது வேறு கதை. சேர்ந்தவை எல்லாமே தூரம் போகவும் மீன் பிடிக்கவும் உதவுபவை. ஆளைத் திருப்பிக் கொண்டுவரும் சாமான் ஒன்றுகூட இல்லை.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். மீனவர்களுக்கு அலட்சியம், விதிமேல் பாரத்தைப் போடுகிறவர்கள் என்று நகரத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ரிச்சர்ட்ஸ் பார்க்கில் என்னோடு காலை நடை வரும் தோழியே சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்பாவின் கட்டுமரத்தை நினைத்துப் பார்க்கிறேன். நாலைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். அது கவிழலாம், ஆனால் மூழ்காது. மூழ்குவதற்கு அதில் உள்ளே என்று ஓர் இடமே இல்லை. தவறி விழுந்தவன் மரத்தைப் பிடித்தால் போதும், கட்டுமரமே உயிர்காப்புச் சட்டை. துடுப்பும் பாயும் கொண்டு போகிற தூரம்தான் போனார்கள். அந்தத் தொழிலுக்கு அந்தப் பட்டியல் போதுமாக இருந்தது.

எஞ்சின் தூரத்தை மாற்றிவிட்டது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் செல்போன் சிக்னல் தேயத் தொடங்கும். அண்ணன் அதைத் தாண்டித்தான் போகிறார். மிதக்கும் மரத்திலிருந்து குழிவான வள்ளத்துக்கு மாறியாயிற்று. பட்டியலின் பழக்கம் மட்டும் கட்டுமரத்திலேயே நிற்கிறது.

அதோடு, பட்டியலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் அனுப்புவது ஒரு பகுதிதான். பெரும்பகுதி தரகர் தரும் முன்பணம். வட்டி கிடையாது, ஆனால் பிடிக்கும் மீனை அவர் கையால்தான் ஏலம் விட வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கமிஷன். முன்பணத்தைத் திருப்பாதவரை வேறு ஆளிடம் போக முடியாது. இதிலிருந்து தப்பத்தான் மீனவர்கள் ஊர் ஊராகச் சங்கம் அமைத்தார்கள். 1980ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ‘சிஃப்ஸ்’ என்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் உருவானது. அண்ணன் சங்கத்தில் சில காலம் இருந்தார், பிறகு ஒரு மோசமான சீசனில் தரகரிடம் போய்விட்டார். தரகர் வலைக்குக் கேட்டால் தருவார், எஞ்சினுக்குக் கேட்டால் தருவார். அவை மீன் பிடிக்கும், பணம் திரும்பும். உயிர்காப்புச் சட்டை மீன் பிடிக்காதே!

பங்குக் கணக்கும் அப்படித்தான். எரிபொருள் செலவு போக மிச்சத்தில் வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, தொழில் செய்யும் ஆட்களுக்கு மீதி. வலைக்குப் பங்கு உண்டு. சட்டைக்குப் பங்கு இல்லை. பங்கு இல்லாத சாமானை யார் வாங்குவது?

2017 நவம்பர் 29ஆம் தேதி மாலை வழக்கம்போல வள்ளங்கள் போயின. மறுநாள் ஒக்கி புயல் குமரிமுனையை ஒட்டிக் கடந்தது. காற்றழுத்தத் தாழ்வு புயலாக மாறியது அவ்வளவு வேகத்தில். எச்சரிக்கை கரைக்கு வந்தது. ஏற்கனவே கடலில் இருந்தவனுக்கு அதைச் சொல்ல வழியில்லை. அண்ணன் அன்று போகவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை, எஞ்சின் மெக்கானிக்கிடம் இருந்தது. அவரோடு பதினோரு ஆண்டுகள் தொழில் செய்தவர், ஒருநாள் பிழைப்பைவிட மனமில்லாமல் வேறு வள்ளத்தில் ஏறினார். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்படச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் வேண்டும். ஒக்கியில் அவ்வளவு காலம் காக்கவைக்காமல் அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. ஆனாலும் அவருடைய மனைவி நெடுநாள் வெள்ளைச் சேலை கட்டவில்லை. கட்டச் சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஆண்டுக்குப் பின்தான் நான் கருவிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால், நான் இருக்கும் ஊரிலேயேதான் இஸ்ரோவின் தலைமையகமும் இருக்கிறது. 2019ல் ‘ஜெமினி’ என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடங்களையும் வாங்கி, புளூடூத் மூலம் செல்போனுக்குத் தரும். அது கேட்கும், ஆனால் பேசாது. ஆபத்தில் இருப்பவன் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்பும் கருவி 2010லேயே வந்தது. அது பேசும், கேட்காது. அழுத்தியவனுக்குத் தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அவனுக்குப் பதிலும் வரும்படியான இரண்டாம் தலைமுறைக் கருவி 2024 ஜனவரியில் செயல்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகத் தகவல் கருவி பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. விசைப்படகு மட்டுமல்ல, எஞ்சின் வைத்த நாட்டு வள்ளங்களும் அதில் உண்டு. விண்வெளியில் வேலை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். எங்கள் ஊர் மணலில்தான் பாக்கி இருக்கிறது.

ஏனென்றால் கருவி ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லும். கடலோரக் காவல்படை வரும்வரை அந்த ஆள் மிதந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு பட்டியலை எழுதி முடித்ததும் மருமகனிடம் சொன்னேன்: என் பணம் முதலில் உயிர்காப்புச் சட்டைக்கு, மிச்சம்தான் ரெசினுக்கு. அண்ணன் போனை வாங்கினார். “ஏ தங்கச்சி, அதப் போட்டுக்கிட்டு வலை இழுத்துப் பாத்திருக்கியா நீ? கண்ணி மாட்டும். வெந்து போயிரும் உடம்பு. முன்ன தந்தத தலைக்கு வச்சுத்தான் படுத்தோம்.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கெட்டி நுரை வைத்த ஆரஞ்சுச் சட்டையை உருவாக்கியவர்கள், அதை மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் வலை இழுக்கும் ஆளை மனதில் வைக்கவில்லை. எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். இடுப்புப் பட்டைபோலக் கட்டிக்கொள்வதும் உண்டு, தேவைப்படும்போது காற்று நிரம்பி விரியும். விலைதான் சாதாரணச் சட்டையைப்போலப் பல மடங்கு. கடைக்காரர் எந்த ரிசார்ட்டுக்கு என்று கேட்டார்.

முடிச்சை அவிழ்த்தவன் மருமகன். டிப்ளமோ படித்துவிட்டுக் கடலுக்கே திரும்பியவன். அதில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று இன்னும் முடிவாகவில்லை. அவன் சொன்னான்: “அத்தை, நீங்க காசு தந்தா அது அப்பாவோட சாமான் ஆயிரும், யாரும் தொடமாட்டாங்க. மண்ணெண்ணெய் மாதிரி பொதுச் செலவுல எழுதுவோம். ஆவணியில முதல் ரெண்டு வாரக் கணவாயில கழிப்போம். அவனவன் பங்குல பிடிச்சா அவனவன் போடுவான்.” நான் முன்கூட்டிக் கொடுத்துவைப்பதாக ஏற்பாடு. கடன்தான், இனாம் இல்லை. மற்ற இரண்டு ஆட்களும் ஒரு நாள் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார்களாம்.

கணக்கில் எழுதியதைத் திருப்பி வாசித்தான்: பட்டை வகை, மூன்று. வள்ளத்தில் நாலு பேர் ஆயிற்றே என்றேன். “அப்பாவுக்கு வேண்டாமாம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனுக்கு வயது 66. அவரிடம் பாடம் நடத்தும் துணிச்சல் எனக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை.

நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். வலை ஊசி நைந்துவிட்டது, இங்கே நல்லது கிடைத்தால் அனுப்பு என்று தொடங்கி, சாளை வரத்தைப் பற்றியும் ஊர்த் திருவிழா வரியைப் பற்றியும் பேசிவிட்டு, வைக்கும் நேரத்தில், “அந்தப் பட்டையில மூணு எழுதியிருக்கான் பாரு, நாலுன்னு திருத்திரு. மூணு பேரு கட்டி நான் ஒருத்தன் கட்டலன்னா பயலுவ அவுத்துப் போட்டுருவானுவ” என்றார்.

திருத்திவிட்டேன். ரெசின் வேலை இன்னும் முடியவில்லை. வெயில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அடிக்கவில்லையாம்.