புத்தகப் பைக்குள் ஒரு பூட்டு

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது வாப்பாவின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றுவிட்டது. உம்மாவின் பழைய லுமாலா சைக்கிள்தான் எங்கள் வீட்டைச் சுமந்தது. நாடெங்கும் சைக்கிள் விலை ஏறிய காலம் அது. இன்றும் பட்டாணிச்சூரிலிருந்து மன்னார் வீதி வழியே வவுனியா நகருக்கு நான் ரியூசன் போவது அதிலேதான். அது களவு போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. என் உயர்தர வகுப்பும் நின்றுவிடும்.

வழியில் போட்டோ கொப்பி, உம்மாவுக்கு மருந்து என்று இரண்டு நிமிட வேலைகள் வரும். கனத்த சங்கிலியை அவிழ்த்துக் கட்டச் சலித்துப் பலர் பூட்டாமலே இறங்கிவிடுகிறார்கள். என் பையில் விரல் பருமன்கூட இல்லாத கம்பிப் பூட்டு ஒன்று உண்டு. திறப்பு வேண்டாம், நான்கு இலக்கம், 10,000 சேர்க்கைகள். கள்வன் எங்கே எண்ணிக்கொண்டு நிற்கப் போகிறான்! குறடு இருந்தால் ஒரே வெட்டு. ஏறி ஓட நினைப்பவனை மட்டுமே இந்தப் பூட்டு தடுக்கும். சில்லை மாத்திரம் பூட்டினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதால், சில்லையும் சட்டத்தையும் ஒரு தூணோடு சேர்த்தே வளைப்பேன். மூன்று மணிநேர வகுப்பென்றால் சங்கிலிதான்.

"இந்த நூல் சைக்கிளைக் காப்பாத்துமா?" என்று நானா சிரிப்பார். உம்மா சிரிப்பதில்லை. "பூட்டினதும் நம்பரைக் கலைச்சு விடு மகள்" என்பார்.