ஐரோலோ ஸ்டேஷனில் ஒரு மணி நேரம்

1/ சுவிட்சர்லாந்தின் லெவன்டினா பள்ளத்தாக்குல ஐரோலோன்னு ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். போன வருஷம் அங்கே இறங்கினேன். என்னோட இறங்கியது நாலஞ்சு பேர்தான். அவங்களும் வெளியே நின்ற மஞ்சள் பஸ்ஸில் ஏறி பெட்ரெட்டோ பக்கத்துக் கிராமங்களுக்குப் போயிட்டாங்க. அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

2/ ஒரு காலத்தில் சூரிச்-மிலான் ரயில்கள் எல்லாம் இந்த வழிதான். ஸ்டேஷனைத் தாண்டியதும் 15 கி.மீ. கோத்தார்ட் சுரங்கம். 2016ல் மலைக்கு அடியில் 57 கி.மீ. புதுச் சுரங்கம் திறந்த பிறகு, வேக ரயில்கள் கீழேயே போயிடுது.

3/ நான் இறங்கியது ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஒரு வெண்கலச் சிற்பத்தைப் பார்க்க. இறந்துபோன தொழிலாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகிறார்கள் சக தொழிலாளிகள். வின்சென்சோ வேலா 1882ல் செய்தது. 1932ல் வெண்கலத்தில் வார்த்து இங்கே வைத்தார்கள்.

4/ பழைய சுரங்கம் தோண்டியது 1872 முதல் 1882 வரை. பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளிகள். பாறை சரிந்து, டைனமைட் வெடித்து, வண்டியில் நசுங்கி இறந்தவர்கள் கணக்கில் உள்ளபடி சுமார் 200 பேர்.

5/ இன்னொரு பக்கம், நூற்றுக்கணக்கானவர்கள் முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, நடக்க முடியாமல் போனார்கள். உள்ளே கெட்ட காற்று, அதனாலன்னு நினைச்சாங்க. 1880ல் டூரினில் பெரொன்சிட்டோ என்ற ஆய்வாளர் காரணத்தைக் காட்டினார்: கொக்கிப்புழு!

6/ பனிமலையில் கொக்கிப்புழு எப்படி? வெளியேதான் குளிர். சுரங்கத்துக்குள் 30 டிகிரிக்கு மேல் வெப்பம், எங்கும் ஈரம், கழிப்பறை கிடையாது. மலம் கிடந்த சேற்றில்தான் வேலை. புழுவுக்கு அது சொர்க்கம். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.2 மில்லி வரை ரத்தம் இழக்க வைக்கும். 100 புழு இருந்தால் 20 மில்லி. கணக்குப் போட்டுப் பாருங்க.

7/ பெரணிச் செடிச் சாறு கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். பலர் பிழைத்தார்கள். ஆனா அதுக்கு முன்னாடியே "வேலைக்கு லாயக்கில்லை"ன்னு ஊருக்குப் போய், அங்கே இறந்தவர்கள் அந்த 200ல் இல்லை.

8/ சிற்பத்தின் முன்னாடி நின்னப்போ எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்தார். நான் டாக்டர் ஆன புதுசு. செங்கல் சூளைத் தொழிலாளி, ஹீமோகுளோபின் 5. இரும்புச் சத்து மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அதே வெளுப்போட வந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காதான் கேட்டாங்க: "ஏன்ணே, சூளையில கக்கூஸ் இருக்கா? செருப்பு போடுவீங்களா?" ரெண்டுக்கும் "இல்லம்மா"தான் பதில். மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை.

9/ அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுத்தோம். இரும்புச் சத்தும் தொடர்ந்தது. தேறினார். நான் கேட்காமல் விட்ட அந்த ரெண்டு கேள்வியில் அவர் ரெண்டு மாசக் கூலி போச்சு. ஒருவேளை அவர் திரும்ப வராமலே இருந்திருந்தால், எந்தக் கணக்கிலும் வந்திருக்க மாட்டார்.

10/ இளம் மருத்துவர்களுக்கு: ரத்தசோகைன்னு எழுதுமுன் என்ன வேலை, எங்கே வேலை, கழிப்பறை உண்டா, காலில் செருப்பு உண்டான்னு கேளுங்க. மத்தவங்களுக்கு: பள்ளி, அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுங்க. ஆனா அதே சேற்றில் திரும்ப நிற்க வைத்தால் புழுவும் திரும்ப வரும். கழிப்பறை கட்டுவதும் வைத்தியம்தான்.